பழம் கனிந்துவிட்டதா? வெட்டும் முன்பே அறிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

தோல் முழுவதும் மஞ்சளாக இருந்த ஒரு பப்பாளியை அண்மையில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே சதை வெளிறிப்போய், தோலை ஒட்டிய பகுதி ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. நடுக்குழியில் கிடந்த விதைகளில் பாதி கறுத்திருந்தன. மீதிப் பாதி வெண்முத்துகளைப் போல் இளசாக ஒட்டிக்கொண்டிருந்தன. தொட்டால் மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் வாயில் வைத்தால் சப்பென்ற நீர்ச்சுவையைத் தவிர வேறெதுவும் இல்லை. இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் இனித்திருக்கும் என்றார்கள் வீட்டில். எத்தனை நாள் பொறுத்திருந்தாலும் அது இனித்திருக்காது, ஏனென்றால் அந்தக் காயின் இனிப்பு மரத்திலிருந்து பறித்த நாளிலேயே முடிவாகிவிட்டது.

ஒரு பழத்தைக் கையில் எடுத்ததும் ‘பழுத்துவிட்டதா?’ என்று ஒரே கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம். அதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. காய் முற்றியதா என்பது ஒன்று. முற்றிய காய் கனிந்ததா என்பது மற்றொன்று. பூவிலிருந்து பிஞ்சு, பிஞ்சிலிருந்து காய், காய் முற்றிச் செங்காய், அதன் பிறகே கனி என்று ஒவ்வொரு நிலைக்கும் தமிழில் தனிச்சொல் இருக்கிறது. முற்றுவதற்கு முன்பே நிறம் மாறித் தொய்ந்துபோவதற்கும் ‘வெம்புதல்’ என்று பெயர் இருக்கிறது. என் பப்பாளி கனியவில்லை, வெம்பியிருந்தது. முற்றுதல் செடியிலோ மரத்திலோ மட்டுமே நடக்கும், கனிதல் பல பழங்களில் பறித்த பிறகும் நடக்கும் என்ற இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பின்வரும் படிகளைப் படித்தால், எந்தப் பழத்துக்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருப்பது வீண் என்பது தெளிவாகும்.

முதல் படி: பறித்த பின் கனியும் இனமா என்று பாருங்கள்

வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, பலா, கொய்யா, ஆப்பிள், பேரி, வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகேடோ, பீச், பிளம், கிவி, தக்காளி ஆகியவை பறித்த பிறகும் கனியும் இனங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி, திராட்சை, மாதுளை, அன்னாசி, தர்பூசணி, ஸ்ட்ராபெரி, செர்ரி, லிச்சி ஆகியவை பறித்த பிறகு கனிவதில்லை. இரண்டாவது வகையில் பறிக்கும்போது இருந்த இனிப்புதான் இறுதிவரை. நாள் செல்லச் செல்ல நீர் வற்றலாம், தோலின் நிறம் மாறலாம், புளிப்பு சற்று மட்டுப்படலாம், ஆனால் சர்க்கரை கூடாது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எத்திலீன் என்ற எளிய வாயு. தெருவிளக்குக்கு எரித்த வாயு கசிந்த இடங்களில் செடிகள் இயல்பு மாறி வளர்வதற்கு எத்திலீனே காரணம் என்பதை ரஷ்ய அறிஞர் நெல்ஜுபோவ் 1901-இல் பட்டாணி நாற்றுகளைக் கொண்டு காட்டினார். 1920-களில் பிராங்க்ளின் கிட், சார்லஸ் வெஸ்ட் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள், ஆப்பிள் கனியத் தொடங்கும்போது அதன் சுவாசம் திடீரென்று உச்சத்துக்கு ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார்கள். கனியும் ஆப்பிள் தானே எத்திலீனை உண்டாக்கி வெளியிடுகிறது என்பதை 1934-இல் ரிச்சர்ட் கேன் மெய்ப்பித்தார். முதல் வகைப் பழங்களில் சிறிதளவு எத்திலீன் மேலும் எத்திலீனைத் தூண்டுகிறது. தீ ஒரு சுள்ளியிலிருந்து அடுத்த சுள்ளிக்குத் தாவுவதைப் போல அது பழம் முழுவதும் பரவுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே பல பழங்களுக்கு அது போதும். இரண்டாம் வகைப் பழங்களில் இந்தத் தொடர்ச்சி கிடையாது.

முதல் வகைக்குள்ளேயும் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான ஏமாற்றங்கள் இதை அறியாததால்தான் வருகின்றன. வாழை, மா, பேரி, கிவி, சீத்தா ஆகியவை பறிக்கும்போது தம் சதையில் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. கனியும்போது அந்த மாவு சர்க்கரையாக மாறுவதால், பறித்த பிறகு உண்மையிலேயே இனிப்பு ஏறுகிறது. பச்சை வாழைக்காயின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்தாகவே இருக்கும். நன்கு கனிந்த பழத்தில் அது நூற்றில் ஒன்றிரண்டு பங்காகக் குறைந்துவிடும். பப்பாளி, பீச், முலாம்பழம் ஆகியவற்றில் அப்படிச் சொல்லத்தக்க மாவுச் சேமிப்பு இல்லை. அவை வைத்திருந்தால் மென்மையாகும், மணக்கும், நிறம் மாறும். இனிப்பு மட்டும் கூடாது. ஆகவே இவற்றை வாங்கும்போது முற்றிய நிலையில் பறித்ததா என்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இரண்டாம் படி: முற்றியதா என்று பாருங்கள்

மாங்காயைக் காம்பு மேலே இருக்குமாறு பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். இளங்காயில் காம்படியிலிருந்து இருபுறமும் தோள்கள் சரிந்து இறங்கும். முற்றிய காயில் தோள்கள் திரண்டு உயர்ந்து, காம்பு ஒரு சிறு குழிக்குள் அமர்ந்திருப்பதுபோல் தெரியும், கன்னங்கள் பருத்திருக்கும். ஐயமிருந்தால் நீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். முற்றிய காய் நீரைவிடச் சற்றே அடர்த்தி கூடியதாக இருப்பதால் பெரும்பாலும் மூழ்கும், இளங்காய் மிதக்கும். தோலில் படர்ந்திருக்கும் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். அது காய் வெயில் பட்ட பக்கத்தில் தொங்கியது என்பதையும் அதன் இரகத்தையும் காட்டுமே தவிர, முற்றியதையோ கனிந்ததையோ காட்டாது.

சப்போட்டாவின் தோலில் மாவு போன்ற பழுப்புச் சொரசொரப்பு இருக்கும். நகத்தால் அதை மெல்லச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிந்தால் காய் முற்றவில்லை. மஞ்சள் கலந்த பழுப்பாகத் தெரிந்தால் முற்றியது. முற்றாத சப்போட்டா வைக்க வைக்கச் சுருங்குமே ஒழிய, பாலும் துவர்ப்பும் போகாது. பப்பாளியில் காய் முழுவதும் பச்சையாக இருக்கும்போது பறித்ததைத் தவிர்த்து, கீழ்நுனியிலிருந்து ஒன்றிரண்டு மஞ்சள் கீற்றுகளாவது ஏறியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கீற்று விழுந்த பிறகு பறித்த காய்தான் உள்ளே இனிப்பைச் சேர்த்து முடித்த காய். வாழையில் காயின் பக்க விளிம்புகள் கூர்மையாகக் கட்டம் கட்டியதுபோல் இருந்தால் இளசு. பருத்து உருண்டு அந்த விளிம்புகள் மழுங்கியிருந்தால் முற்றியது. சீத்தாவின் கண்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, இடுக்குகள் வெளிர்மஞ்சளாக மாறியிருக்க வேண்டும்.

பலா முற்றியதை அதன் முள்ளே சொல்லிவிடும். இளங்காயில் முட்கள் நெருக்கமாகவும் கூராகவும் நிற்கும். முற்றும்போது தோல் விரிவதால் முட்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, நுனி மழுங்கிப் படியும். தட்டினால் கெட்டியான ஒலி மாறி, உள்ளே வெற்றிடம் இருப்பதைப் போன்ற மந்தமான ஒலி கேட்கும்.

ஆப்பிள் வளர்ப்பவர்களிடம் இதற்கென்று ஓர் அழகான சோதனை இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் மாவுச்சத்தைக் கண்டறிய நாம் செய்ததுதான் அது. பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை அயோடின் கரைசலில் தோய்த்தால் மாவு இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். முற்றாத ஆப்பிளின் முகம் முழுவதும் கறுத்துவிடும். கனியத் தொடங்கிய ஆப்பிளில் விதையறையைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் தோன்றி, நாளாக ஆக வெளிநோக்கி விரியும். மாவு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சர்க்கரையாக மாறிவருவதைக் கண்ணாலேயே காணலாம். அயோடின் பட்ட துண்டை மட்டும் உண்ணக்கூடாது.

மூன்றாம் படி: கை, மூக்கு, எடை, நிறம் கடைசியில்

கடையில் எல்லோரும் முதலில் செய்வது கட்டைவிரலால் அழுத்துவது. அது பழத்துக்குச் செய்யும் கேடு. அழுத்திய இடத்தில் செல்கள் உடைந்து, ஒருநாளில் அங்கே பழுப்புத் தழும்பு விழுந்து அழுகத் தொடங்கும், வாங்குபவரும் அடுத்தவர் பதித்த தழும்பைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, ஐந்து விரல்களாலும் முழுவதையும் ஒரே சீராக மெல்ல அணைத்துப் பிடியுங்கள். கனிந்த பழம் கைக்குச் சற்றே இணங்கிக் கொடுக்கும். கைவிட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும். அமுங்கிய குழி அப்படியே நின்றால் பருவம் கடந்துவிட்டது. இந்த இணக்கம் எங்கிருந்து வருகிறதென்றால், செல்களின் சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளைக் கனியும் பழத்தின் நொதிகள் கரைத்துவிடுகின்றன.

அடுத்து மூக்கு. மணம் எப்போதும் காம்படியில்தான் முதலில் கூடும் என்று சொல்வதற்கில்லை. மாம்பழத்திலும் பலாவிலும் காம்படியிலும், முலாம்பழத்தில் காம்புக்கு எதிர்முனையிலும், அன்னாசியில் அடிப்பகுதியிலும் முகர வேண்டும். குளிர்ந்த பழம் மணக்காது. குளிர்பெட்டியில் இருந்த பழத்தை முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். இனிய மணத்தோடு கள் அல்லது புளித்த மாவின் வாடை கலந்திருந்தால் சர்க்கரை நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எடையைப் பார்ப்பது இரண்டாம் வகைப் பழங்களுக்கு மிகவும் உதவும். ஒரே அளவுள்ள இரண்டு ஆரஞ்சுகளை இரு கைகளில் ஏந்தினால், கனமானது சாறு நிறைந்தது. இலேசானது வற்றிய சக்கை. தர்பூசணி, மாதுளை, எலுமிச்சை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நிறத்தை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தோலின் பச்சையம் சிதையும்போது அடியில் இருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. இது பல பழங்களில் கனிதலோடு சேர்ந்து நடந்தாலும், சேர்ந்துதான் நடக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வெப்பமான பகுதிகளில் விளையும் ஆரஞ்சு உள்ளே முழுக்க இனித்தும் தோல் பச்சையாகவே இருக்கும், ஏனெனில் அதன் பச்சையம் சிதையக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். அந்தப் பச்சை ஆரஞ்சை எத்திலீன் அறையில் வைத்து மஞ்சளாக்குகிறார்கள். அதனால் தோல்தான் மாறுகிறது, சுளை மாறுவதில்லை. நிறத்தைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் பளிச்சென்ற மேல்நிறத்தை விட்டுவிட்டு, அதன் கீழிருக்கும் அடிநிறத்தைப் பாருங்கள்: ஆப்பிளிலும் பீச்சிலும் சிவப்புக்கு இடையே தெரியும் பின்னணி, பச்சையிலிருந்து வெளிர்மஞ்சளுக்கு மாறியிருக்கிறதா என்பதே கேள்வி.

நான்காம் படி: பழத்துக்குப் பழம் மாறும் அடையாளங்கள்

வாழைக்கு வணிகத்தில் ஒன்று முதல் ஏழு வரை நிறப்படிகள் வகுத்திருக்கிறார்கள். முழுப்பச்சை ஒன்று, முழுமஞ்சள் ஆறு, மஞ்சளில் பழுப்புப் புள்ளிகள் தெளித்திருப்பது ஏழு. காம்பும் நுனியும் மட்டும் பச்சையாக இருக்கும் ஐந்தாம் நிலையில் சதை இறுகலாகவும் இலேசான துவர்ப்போடும் இருக்கும். புள்ளி விழுந்த பிறகு இனிப்பு உச்சத்தில் இருக்கும். எது சிறந்தது என்பது அவரவர் விருப்பம். கடும் வெயில் நாட்களில் கேவண்டிஷ் வகை வாழைப்பழத்தின் தோல் பச்சையாகவே நிற்க, உள்ளே சதை குழைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெப்பத்தில் அவ்வகையின் பச்சையம் முழுமையாகச் சிதைவதில்லை, மாவு மட்டும் சர்க்கரையாகிவிடுகிறது. அங்கே கண்ணை விட்டுக் கையை நம்ப வேண்டும்.

வெண்ணெய்ப்பழம் ஒரு விந்தையான பழம். மரத்தில் இருக்கும்வரை அது கனியவே கனியாது. முற்றிய பிறகும் மாதக்கணக்கில் இறுகலாகத் தொங்கிக்கொண்டிருக்கும்; பறித்த பின்புதான் மென்மையாகத் தொடங்கும். அது இனிப்பைச் சேர்ப்பதில்லை, கொழுப்பைச் சேர்க்கிறது. கொழுப்பு சேரும்முன் பறித்த காய் மென்மையானாலும் நீர்த்து, இரப்பர்போல் இருக்கும். ஹாஸ் என்ற வகை கனியும்போது பச்சையிலிருந்து கருஊதாவாக மாறும், ஆனால் பல வகைகள் கடைசிவரை பச்சையாகவே இருக்கும் என்பதால் நிறத்தைப் பொதுவிதியாகக் கொள்ள முடியாது. காம்புப் பொத்தானைப் பெயர்த்துப் பார்க்கும் முறை பரவலாகச் சொல்லப்படுகிறது: அடியில் பச்சை தெரிந்தால் நன்று, பழுப்பாக இருந்தால் கடந்துவிட்டது. அடையாளம் ஓரளவு சரிதான், ஆனாலும் பெயர்த்த இடம் பூஞ்சணத்துக்கு வாசலாகிவிடும். நான் அதை உடனே வெட்டப்போகும் பழத்தில் மட்டும் செய்வேன். கடையில் அடுக்கியிருக்கும் பழத்தில் செய்வது முறையன்று.

பேரி உள்ளிருந்து வெளிநோக்கிக் கனிவது. நடுப்பகுதி கைக்கு மென்மையாகத் தெரியும்போது உள்ளே கருவறையைச் சுற்றிக் குழைந்து பழுத்துப்போயிருக்கும். எனவே காம்பை ஒட்டிய கழுத்தில் மட்டும் விரலை மெல்ல வையுங்கள். அங்கே இணங்கினால் அன்றே உண்ணலாம். உடல் இறுகலாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

மாம்பழத்தில் காம்படி மணம், கன்னத்தின் இணக்கம், அடிநிறம் ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும். இரண்டு மட்டும் ஒத்துவந்தால் ஒருநாள் பொறுங்கள். பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கும் இரகங்களில் மணமே முதற்சான்று. தோலில் இலேசான சுருக்கம் விழுந்த நிலையில் சில இரகங்கள் மிகவும் இனிக்கும். காம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம் பரவியிருந்தால் அது கனிவின் அடையாளமன்று, காம்பழுகல் நோய். கொய்யா கரும்பச்சையிலிருந்து இளம்பச்சையாகி மஞ்சள் பூக்கும்போது அறை முழுவதும் மணக்கத் தொடங்கும். அன்றிலிருந்து ஓரிரு நாட்களே அதன் ஆயுள்.

தர்பூசணிக்கு வருவோம். இது பறித்த பின் கனியாது என்பதால் தேர்வு தவறினால் திருத்த வழியில்லை. பழத்தைப் புரட்டி, தரையில் படிந்திருந்த பகுதியைப் பாருங்கள். அந்தத் திட்டு வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் கொடியில் போதிய காலம் இருக்கவில்லை. வெண்ணெயின் மஞ்சள் ஏறியிருந்தால் முற்றிக் கனிந்தது. என் அனுபவத்தில் இந்த ஓர் அடையாளம் மற்ற எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது. சொந்தத் தோட்டமானால் பழத்தின் காம்பு பிறக்கும் கணுவிலுள்ள சுருள்கம்பி காய்ந்து பழுப்பாகியிருக்க வேண்டும். தோலின் பளபளப்பு மங்கியிருக்க வேண்டும். விரலால் சுண்டிக் கேட்கும் முறையைப் பலரும் முதலில் செய்கிறார்கள். பழக்கமுள்ள காதுக்கு, காயின் கணீரென்ற ஒலியும் பழத்தின் ஆழ்ந்த ஒலியும் அளவுகடந்து பழுத்ததன் சவசவத்த ஒலியும் பிரித்துத் தெரியும், ஆனால் பழக்கமில்லாதவர் ஒலியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

முலாம்பழ வகைகளில் தோலில் வலை பின்னியிருப்பவை கனியும்போது கொடியிலிருந்து தாமே கழன்றுவிடும். காம்பு இருந்த இடத்தில் வழவழப்பான சிறு குழி மட்டும் இருந்தால் அது தானே கழன்ற பழம். காம்பின் துண்டு வெட்டுப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் முன்கூட்டியே பறித்தது.

அன்னாசியில் மாவுச் சேமிப்பு இல்லை, ஆகவே வைத்திருந்து இனிக்க வைக்க முடியாது. நிறம் அடியிலிருந்து மேலேறுகிறது. இனிப்பும் அப்படித்தான், அடிப்பகுதி இனிப்பாகவும் கொண்டையை ஒட்டிய பகுதி புளிப்பாகவும் இருக்கும். கண்கள் தட்டையாகி, அடியில் நல்ல மணம் வீசுவதைத் தேர்ந்தெடுங்கள். நடுக்குருத்தைப் பிடுங்கிப் பார்க்கும் வழக்கத்தை நான் நம்புவதில்லை. அழுகத் தொடங்கிய பழத்திலும் குருத்து எளிதாகவே கழன்று வரும்.

மாதுளை இளமையில் உருண்டையாக இருக்கும். முத்துகள் பருத்துத் தோலை உள்ளிருந்து நெருக்கும்போது பக்கங்கள் தட்டையாகிப் பழம் சற்றே கோணங்கள் பெறும், அத்தகைய பழமே நிறைந்த பழம். திராட்சையில் குலைக்காம்பு பச்சையாகவும் வளையக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மேலே படிந்திருக்கும் வெண்பூச்சு பழத்தின் இயற்கையான மெழுகு, அது அழியாமல் இருப்பது அதிகம் கைபடாத புதுப்பழத்தின் அடையாளம். விதையுள்ள வகையில் ஒன்றைக் கடித்து விதையைப் பாருங்கள், பழுப்பாக இருந்தால் கனிந்தது. ஸ்ட்ராபெரியில் காம்பை ஒட்டிய தோள்ப்பகுதி வெள்ளையாக நின்றால், வீட்டில் அது சிவக்கக்கூடும், இனிக்காது.

ஐந்தாம் படி: வீட்டில் கனிய வைத்தல்

முற்றிய காய் கையிலிருந்தால் மீதி வேலை எளிது. பெரும்பாலான பழங்கள் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சீராகக் கனியும். அதைவிட மிகுந்த வெப்பத்தில் நிறமும் மணமும் குன்றும். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. விரைவாக வேண்டுமென்றால் காகிதப் பையில் காய்களோடு ஒரு கனிந்த வாழைப்பழத்தையோ ஆப்பிளையோ சேர்த்து வைத்து வாயை மடியுங்கள். பை எத்திலீனை ஓரளவு தேக்கி வைத்துக்கொள்ளும், ஈரத்தை வெளியேவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரமும் கரியமில வாயுவும் தேங்கி, காய் கனிவதற்கு முன் பூஞ்சணம் பிடிக்கும். நாளுக்கு ஒருமுறை திறந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, கனிந்ததைப் பிரித்து எடுத்துவிடுங்கள். ஓர் அழுகல் பழம் விடும் எத்திலீன் பையிலுள்ள மற்றவற்றையும் துரிதப்படுத்திவிடும்.

கனிவதற்கு முன் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். வாழைக்காய் 13 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்க்காயம் அடைகிறது. மாங்காயும் பப்பாளியும் ஏறக்குறைய அப்படியே. தோல் கறுத்து, பள்ளங்கள் விழுந்து, கனிய வைக்கும் நொதிகளின் வேலை குலைந்துவிடுவதால், அப்படிப்பட்ட காயை வெளியே எடுத்து எத்தனை நாள் வைத்தாலும் ஒழுங்காகக் கனியாது. கனிந்த பிறகு வைத்தால் தோல் கறுத்தாலும் சதைக்குக் கேடில்லை.

கால்சியம் கார்பைடு கற்களை வைத்துப் பழுக்க வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரம் பட்டதும் அந்தக் கல் அசிட்டிலீன் வாயுவை வெளியிடுகிறது; எத்திலீனைப் போலவே, ஆனால் அதைவிட வலுக்குறைவாக, அது பழத்தைத் தூண்டுகிறது. தொழிற்சாலைத் தரத்து கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதே ஆபத்து, அதனால்தான் பல நாடுகள் அதைத் தடைசெய்திருக்கின்றன. எல்லாப் பழங்களும் ஒரே சீரான மஞ்சளில், மணமில்லாமல், உள்ளே இறுகிப் புளித்திருந்தால் ஐயப்படலாம். கண்ணால் மட்டும் உறுதிசெய்ய இயலாது. எத்திலீன் வாயு அறையில் பழுக்க வைத்த பழம் வேறு. பழம் தானே உண்டாக்கும் அதே வாயுதான் அங்கே பயன்படுகிறது.

ஆறாம் படி: கனியாததை உண்ணவே கூடாத பழங்கள்

பெரும்பாலான பழங்களில் அவசரப்பட்டால் சுவைதான் போகும். சிலவற்றில் அவசரம் உடலைக் கெடுக்கும். ஆக்கி என்ற பழம் மரத்திலேயே சிவந்து, மூன்றாகப் பிளந்து, உள்ளிருக்கும் மஞ்சள் சதையையும் கறுப்பு விதைகளையும் தானே வெளிக்காட்ட வேண்டும். அதற்கு முன் அதைத் திறந்து உண்டால் அதிலுள்ள ஹைப்போகிளைசின் என்ற நச்சு இரத்தச் சர்க்கரையை அபாய அளவுக்கு வீழ்த்தும், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. லிச்சியிலும் இதே வகை நச்சு, முற்றாத காயில் கூடுதலாக, இருக்கிறது. இரவு உணவு உண்ணாத குழந்தை வெறும் வயிற்றில் நிறைய லிச்சி, அதிலும் பச்சைநிறக் காய்களை, உண்பது ஆபத்தானது. தோல் சிவந்து, மேலுள்ள முண்டுகள் தட்டையான லிச்சிகளை மட்டும், உணவுக்குப் பின், அளவாகக் கொடுங்கள். சீத்தாவின் சதை எவ்வளவு கனிந்திருந்தாலும் அதன் விதையைக் கடிக்கவோ அரைக்கவோ கூடாது.

பெர்சிமன் பழத்தில் நஞ்சில்லை, ஆனால் துவர்ப்பைத் தரும் டானின் மிகுதி. கூர்நுனி வகையை இறுகலாக இருக்கும்போது கடித்தால் டானின் எச்சிலின் புரதத்தோடு பிணைந்து நாக்கும் அண்ணமும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்; தோலுக்குள் சதை கூழாகத் தளும்பும்வரை காத்திருக்க வேண்டும். தட்டையான வகையை இறுகலாகவே உண்ணலாம். இரண்டும் ஒரே கூடையில் இருக்கும்போது வடிவத்தைப் பார்த்து எடுப்பது நல்லது.

ஏழாம் படி: கனிந்ததற்கும் கெட்டதற்கும் இடையிலுள்ள கோடு

வாழையின் தோல் முழுவதும் கறுத்தாலும் சதை வெளிர்மஞ்சளாக, மணமாக இருந்தால் உண்ணலாம். சதை நீர்விட்டு, சாராய வாடை வீசி, நாக்கில் சுள்ளென்று நுரைத்தால் வேண்டாம். பூஞ்சணம் பிடித்த பழத்தில் பழத்தின் இறுக்கம் முக்கியம்: பீச், ஸ்ட்ராபெரி, திராட்சை போன்ற மென்மையானவற்றில் பூஞ்சண இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டி உள்ளே ஓடியிருக்கும் என்பதால் அந்தப் பழத்தை முழுவதுமாக எறிந்துவிட வேண்டும். அழுகிய ஆப்பிளிலிருந்து சாறு பிழிவதும் கூடாது, அழுகலை உண்டாக்கும் பூஞ்சணம் பட்டுலின் என்ற நச்சைச் சாற்றில் விட்டுச்செல்லும்.

கனிந்த பழத்தை அன்றே உண்ண முடியாவிட்டால் அப்போதுதான் குளிர்பெட்டியின் வேலை வருகிறது. கழுவாமல் வைத்து, உண்ணும் முன் கழுவுங்கள். இரண்டு மூன்று நாட்கள் தாக்குப்பிடிக்கும். வெட்டிய பழத்தை மூடி வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும், நாக்குக்கும் இனிப்பு குறைவாகவே தெரியும். ஆகவே முழுப்பழத்தை உண்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே எடுத்து வெளியில் வைத்துவிடுங்கள். காம்படியில் மூக்கை வைத்தால் மணம் மீண்டும் எழுந்திருக்கும், அப்போது வெட்டலாம்.